நாகவள்ளி அறுத்துப் பார்த்த சைலன்சர்

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் நம் மன்றத் தலைவர், பெரியவர் சேதுமாதவன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் விமானி, என் நண்பர் பாண்டித்துரை அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் தம்பி ஐயப்பன் அவர்களே, பஹ்ரைனிலிருந்து இன்று காலை வந்து இறங்கிய ஹசன் அலி அவர்களே, அவர் துணைவியார் ஹாலிதா அவர்களே, டியூட்டி முடிந்து சாப்பிடக்கூட நேரமில்லாமல் வந்திருக்கும் லேபர் கேம்ப் நண்பர்களே, தாய்மார்களே, சகோதரர்களே,

என் பெயர் செய்கு அலாவுதீன். கீழக்கரைக்காரன். ஷார்ஜா சனாயா தொழிற்பேட்டையில் ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்களைப் பிரித்து எஞ்சின் விற்கிறேன். இந்தச் சாய்வு மேசைக்குப் பின்னால் என்னால் நிற்க முடியவில்லை. மைக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறேன். நடந்துகொண்டே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கடையில் உட்கார்ந்தால் எழுந்திரு என்கிறது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

முதலில் ஒரு பேச்சை முடித்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒருவர் என் தோளைத் தொட்டு, "ஏரோப்ளேன் எங்கிட்டு பாய் விழுந்துச்சு?" என்று கேட்டார். உள்ளே வந்ததும் இன்னொருவர், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார். துக்கக் கூட்டம் என்பதால் இருவருக்கும் அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். விமானம் விழவில்லை. நம் நாகவள்ளி கைவைத்த எந்த விமானமும் இதுவரை விழவில்லை. அது உம்முல் குவைனுக்கு அப்பால், மணல் ஓடுபாதையின் ஓரத்தில், தகரக் கொட்டகைக்குள் பத்திரமாக நிற்கிறது. நாகவள்ளி இறந்தது சாலையில். பனிமூட்டத்தில். ஒரு லாரி மோதி.

அது எப்படி நடந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன். அவர் எப்படி இறந்தார் என்பது உங்களுக்கு ஓரளவு தெரியும். அவர் எதற்காக வாழ்ந்தார் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

விருதுநகர்ப் பெண். சேலத்தில் உலோகவியல் படித்தவர். ஷார்ஜாவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆலைகளில், கப்பல்களில், கட்டடங்களில் எது உடைந்தாலும் அந்தத் துண்டு அவர் மேசைக்கு வரும். ஏன் உடைந்தது என்று அவர் சொல்ல வேண்டும். நல்ல பொருளை அவரிடம் யாரும் கொண்டுபோனதில்லை. நாள் முழுக்க உடைந்தவற்றையே பார்த்துக்கொண்டிருந்த பெண் அவர். அதனால்தானோ என்னவோ, உடையாமல் இருக்கும் எதைப் பார்த்தாலும் அவருக்குச் சந்தேகம். என் கடைக்கு வந்தால் நாற்காலியில் உட்காரமாட்டார். சுலைமானி டீயை நின்றபடியே குடித்துக்கொண்டு, அடுக்கி வைத்த எஞ்சின்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். "உக்காரும்மா" என்றால், "உக்காந்தா யோசனை நின்னுரும்ணே" என்பார்.

அவரை இந்த விமானத்துக்குள் இழுத்து வந்தவர் இதோ இருக்கிறாரே, பாண்டித்துரை. இந்திய விமானப் படையில் எஞ்சின் பிரிவில் இருந்தவர். இங்கே வந்து வேலை பார்த்துக்கொண்டே விமானம் ஓட்டும் உரிமமும் வாங்கியவர். அவருக்குச் சொந்தமாக ஒரு சின்ன விமானம் வேண்டும் என்று ஆசை. இரண்டு பேர் உட்காரும் விமானம். பாகங்களாகப் பெட்டியில் வரும், வாங்கியவரே வீட்டில் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். எஞ்சின் மட்டும் அதில் வராது. அதைத் தேடித்தான் என்னிடம் வந்தார்.

அவர் கேட்டது ரோட்டரி எஞ்சின். ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரில் இருப்பது. மற்ற எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இதில் பிஸ்டனே கிடையாது. முக்கோணம் போன்ற ஒரு துண்டு உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். சின்னது, எடை குறைவு, உடைவதற்கு உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. விமானம் கட்டுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் கடையில் ஒரு மூலையில் கிடந்ததை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

ஆனால் அந்த எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. அதன் புகை மற்ற எஞ்சின்களின் புகையைவிட மிகச் சூடாக வெளியே வரும். உள்ளே எரிந்து முடிவதற்கு முன்பே, இன்னும் எரிந்துகொண்டே வரும். சும்மாவும் வராது, சுத்தியலால் அடிப்பதுபோல் அடித்துக்கொண்டு வரும். காரில் அதற்குக் கனமான இரும்புக் குழாய் வைத்திருக்கிறார்கள். விமானத்தில் அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியுமா? மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாயும் சைலன்சரும் செய்து மாட்டினார் பாண்டித்துரை. விமானத்தைக் கொட்டகைத் தூணில் கட்டிவைத்து, தரையிலேயே எஞ்சினை ஓட்டினார். குழாய் அடுப்புக் கரி மாதிரி சிவந்தது. மறுவாரம் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட்டது.

அந்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு நானும் அவரும் பரிசோதனைக் கூடத்துக்குப் போனோம். நாகவள்ளி அதைக் கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது எந்த வண்டியோடது?"

"வண்டி இல்ல மேடம். ஏரோப்ளேன்."

"யாரு ஓட்டப் போறா?"

"நான்தான்."

நாகவள்ளி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப உக்காருங்க" என்றார். தான் உட்காரவில்லை.

அன்று அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சார், இரும்பு சூடானா நீளும். நீங்க ரெண்டு பக்கமும் இறுக்கிப் பூட்டியிருக்கீங்க. அது எங்க போகும்? நீள்றதுக்கு நீங்க இடம் குடுக்கலைன்னா, அதுவா கிழிச்சு இடம் உண்டாக்கிக்கும்." குழாயை இரண்டாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நகரும்படி செய்து, ஸ்பிரிங் போட்டுப் பிடிக்கச் சொன்னார். சரியாக வந்தது. விரிசல் நின்றது. பாண்டித்துரைக்கு மகிழ்ச்சி. எனக்கும் மகிழ்ச்சி. அந்தச் சைலன்சரின் வரைபடத்தைப் படமெடுத்து, இதுபோல் விமானம் கட்டுகிறவர்கள் இணையத்தில் பேசிக்கொள்ளும் ஒரு குழுவில் பாண்டித்துரை போட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளட்டும் என்று. அதில் தவறென்ன? நல்ல மனது அது.

மகிழ்ச்சியில்லாதவர் ஒரே ஒருவர்தான்.

நாங்கள் தரையில் எஞ்சினை ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாரந்தோறும் வெள்ளிக்கிழமை நாகவள்ளி வருவார். சைலன்சரைச் சுற்றிக் கையால் தடவுவார். ஒரு வெள்ளிக்கிழமை திடீரென்று, "இதைக் கழட்டுங்க, நான் அறுத்துப் பாக்கணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நன்றாக இருக்கும் சாமானை யாராவது அறுப்பார்களா? "ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?" என்றேன். "வெளிய நல்லா இருக்குண்ணே. புகை போறது உள்ள" என்றார்.

அறுத்தோம். உள்ளே சத்தத்தை அடக்குவதற்காக ஓட்டை போட்ட தகடுகள் வைத்திருந்தோம். கடைசித் தகட்டைக் காணோம். இருந்த இடத்தில் கரிந்த ஓரம் மட்டும்தான் மிச்சம். உடைந்து, அரித்து, துண்டுதுண்டாகப் புகையோடு வெளியே போயிருக்கிறது. வெளியே ஒரு கீறல் கிடையாது. பாண்டித்துரை அந்த அரைச் சைலன்சரைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாகவள்ளி, நமக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்கவில்லை. தப்பித்தோம் என்று சொல்லவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"அந்தப் படத்தை வேற யாரெல்லாம் எடுத்திருக்காங்க?"

அன்பர்களே, இந்தக் கேள்வியைக் கேட்டவரைத்தான் நாம் இழந்திருக்கிறோம். எனக்கு ஏன் இருப்புக்கொள்ளவில்லை என்று இப்போது புரிகிறதா? தன் வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு போகிற உலகத்தில், எங்கோ முகம் தெரியாத ஒருவன் என் குழாயை மாட்டியிருப்பானே என்று பதறிய ஒரு மனம் இருந்தது. அது நம் தெருவில், நம்மோடு, அதே கடைகளில் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு இருந்தது.

இணையத்தில் எழுதிக் கேட்டோம். எடுத்தவர்கள் நாலைந்து பேர். ஒவ்வொருவரும் பதில் எழுதினார்கள், இன்னும் மாட்டவில்லை, கழற்றிவிட்டோம் என்று. ஒரே ஒருவர் மட்டும் இன்னும் மாட்டியே வைத்திருந்தார். எங்கே? பஹ்ரைனில், ஈசா டவுனில். யார்? நம் ஆள்தான். அதிராம்பட்டினத்துக்காரர். இதோ இருக்கிறார், ஹசன் அலி. ஒரு பஹ்ரைனி நண்பரோடு கூட்டுச் சேர்ந்து, வீட்டு கராஜில் விமானம் கட்டி முடித்திருந்தார்.

நாகவள்ளி ஃபோன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"எங்களுது நல்லாத்தான் ஓடுது மேடம். தட்டிப் பாத்தாச்சு, ஆட்டிப் பாத்தாச்சு. ஒரு சத்தம் இல்ல. வர்ற வெள்ளிக்கிழமை முதல் தடவை ஏத்துறோம். சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்க, எல்லாரையும் கூப்டாச்சு."

"ஹசன் அண்ணே, அத அறுத்துப் பாக்கணும்."

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அறுத்துக்கலாம் மேடம். சத்தியமா."

"வெள்ளிக்கிழமைக்கு முன்னால."

பிறகு ஹசன் அலி சொன்னார், "மேடம், நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. கோவிச்சுக்காதீங்க." ஃபோனை வைத்துவிட்டார்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு, கலாஸ், முடிஞ்சுது, இனி அவர் பாடு. நான் அப்படித்தான் சொன்னேன். நாகவள்ளி கடைக்குள் அங்குமிங்கும் நடந்தார். சுலைமானி ஆறிப்போனது. "அண்ணே, பஹ்ரைன்ல உங்களுக்கு யாரையாவது தெரியுமா? விசா எடுக்கணும்" என்றார்.

மூன்று பேர் போனோம். நாகவள்ளி, நான், ஐயப்பன். ஐயப்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாகவள்ளியின் கணவர், கணக்காளர். விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் இறங்கும்வரை முன்சீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவர். மனைவி விமானம் கட்டுவதில் அவருக்குச் சம்மதமா என்று நான் ஒருநாள் கேட்டேன். "சம்மதம் இல்ல பாய். ஆனா அவ இல்லாம அந்த ஆளு ஏறிப் பறந்தா இன்னும் பயமா இருக்கும்" என்றார். அந்த மனிதர் இரண்டு நாள் லீவு போட்டு, கையை இறுக்கிக்கொண்டு எங்களோடு பறந்து வந்தார்.

ஹசன் அலி கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனாலும் வந்தவர்களை வாசலில் நிறுத்துகிற ஊர்க்காரர் இல்லை அவர். கராஜுக்குக் கூட்டிப்போனார். வெள்ளை விமானம். துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. மூக்கில் ஒரு மல்லிகைச் சரம்கூடச் சுற்றியிருந்தார்கள். அவர் ஒரு ஸ்பானரை எடுத்துச் சைலன்சரைத் தட்டினார். கணீரென்று கேட்டது. கழற்றி நாகவள்ளி கையில் கொடுத்தார். நாகவள்ளி குலுக்கிப் பார்த்தார். உள்ளே எதுவும் ஆடவில்லை.

"பாத்தீங்களா மேடம்?" என்றார் ஹசன் அலி.

"ஆடலைன்னா நல்லதுதான். ஆனா உடைஞ்ச தகடு ஒரு ஓரத்துல மாட்டிக்கிட்டு நின்னாலும் ஆடாது."

"உங்களுது உடைஞ்சா எங்களுதும் உடைஞ்சிருக்கணுமா? நான் வேற ஆளுகிட்ட வெல்டிங் வச்சேன். இத அறுத்துட்டா வெள்ளிக்கிழமை போச்சு. வர்றவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

அப்போது ஹாலிதா தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். தட்டை வேலை மேசையில் வைத்தார்.

"ஒண்ணு கேக்குறேன் லாத்தா. அறுத்துப் பாத்து உள்ள எல்லாம் நல்லா இருந்துச்சுன்னா?" என்று நாகவள்ளியை அக்கா முறை சொல்லிக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட மன்னிப்புக் கேப்பேன். நானே புதுசு செஞ்சு அனுப்புவேன்."

"நல்லா இல்லாம இருந்துச்சுன்னா?"

நாகவள்ளி சைலன்சரின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலிதா நேராகச் சுவர் ஓரம் போனார். கட்டிங் மெஷினை எடுத்து, பிளக்கைச் சொருகி, கொண்டுவந்து நாகவள்ளியிடம் நீட்டினார். "அவுஹ என்னைய மொறைச்சா நான் பாத்துக்கிறேன். நீங்க அறுங்க" என்றார்.

பொறி பறந்தது. சைலன்சர் இரண்டாகப் பிரிந்தது. கடைசித் தகடு மூன்று பக்கமும் உடைந்து, நாலாவது பக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு, புகை வெளியேறும் வாய்க்கு முன்னால் கதவுபோல் தொங்கிக்கொண்டிருந்தது. நாகவள்ளி ஒரு விரலால் அதைத் தள்ளினார். அது போய் வாயை அப்படியே மூடிக்கொண்டது.

தரையில் ஓடும்போது அது மூடினால் எஞ்சின் நிற்கும், திட்டிக்கொண்டே இறங்கி வருவோம். ஓடுபாதையை விட்டு எழும்பி, திரும்பவும் முடியாத, இறங்கவும் முடியாத உயரத்தில் மூடியிருந்தால்? புகை வெளியே போக வழியில்லாமல் எஞ்சின் மூச்சுத் திணறியிருந்தால்? அப்படியே தரையில் உட்கார்ந்தார் ஹசன் அலி. தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னது, "என் மச்சினனைப் பக்கத்துல உக்கார வைக்கிறதா இருந்தேன்."

அந்த வெள்ளிக்கிழமை பஹ்ரைனில் விமானம் ஏறவில்லை. அழைத்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஹசன் அலி அவர்களுக்குப் பிரியாணி போட்டார். பாதியாக அறுத்த அந்தச் சைலன்சரை ஒரு தாம்பாளத்தில் வைத்து, வந்த ஒவ்வொருவருக்கும் காட்டினார். வெட்கப்படாமல் காட்டினார். அதற்கும் ஒரு மனது வேண்டும். இன்று அதிகாலை விமானத்தைப் பிடித்து வந்து இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் உட்கார்ந்திருக்கிறாரே, அதுதான் நாகவள்ளிக்குச் செலுத்துகிற அஞ்சலி. நான் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிறகு நாகவள்ளி புதிதாக ஒன்று வடிவமைத்தார். உள்ளே தகடே இல்லை. உலைகளில் பயன்படுத்தும் நிக்கல் கலந்த உலோகத்தில் குழாய், சுவர் கொஞ்சம் தடிமன். சத்தம் கூடுதல்தான். "காது வலிச்சா பஞ்சு வச்சுக்கலாம் சார்" என்றார். விமானம் எழும்பியது. பாண்டித்துரை கடலோரம் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். நாங்கள் எல்லாரும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தோம். நாகவள்ளி மட்டும் விமானத்தின் வயிற்றுக்கடியில் மண்டியிட்டுக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய், "மா, தாங்கிருச்சு. இனி உடையாது" என்றேன். அவர் சட்டென்று நிமிர்ந்தார். கோபம் வந்துவிட்டது. "அப்டிச் சொல்லாதீங்கண்ணே. இன்னும் உடையலைன்னு சொல்லுங்க."

இன்னும் உடையவில்லை. அவ்வளவுதான் அவர் எதைப் பற்றியும் சொல்வார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. இத்தனை மணி நேரம் பறந்ததும் கழற்ற வேண்டும், அறுத்துப் பார்க்க வேண்டும், பிறகு புதிது மாட்ட வேண்டும் என்று ஒரு ஒழுங்கு வைத்தார். சந்தோஷமாக இருந்த நாட்களிலும் அதை விடவில்லை. முதல் முறை அறுத்தபோது உள்ளே சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் புது வரைபடத்தை இணையக் குழுவில் போடவிட்டார். இரண்டாவது முறைக்கு நாள் வந்தது. அதற்காகத்தான் அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஷார்ஜாவிலிருந்து காரை எடுத்தார்.

எமிரேட்ஸ் சாலையில் பனி. முன்னால் போன வண்டிகள் ஒன்றோடொன்று இடித்து நின்றிருக்கின்றன. நாகவள்ளி தக்க சமயத்தில் பிரேக் போட்டுவிட்டார். அவர் கார் எதன் மேலும் மோதவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. அவர் காருக்குள்ளேயே இருந்திருக்கலாம். சாலையைத் தாண்டி மணலுக்கு ஓடியிருக்கலாம். எத்தனையோ செய்திருக்கலாம். நான் பத்துத் தடவை, நூறு தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்ல இங்கே ஒருவர் வந்திருக்கிறார். கடைசி வரிசையில் நிற்கிறார், பெயர் கார்மேகம். முதுகுளத்தூர்ப் பக்கம். கேம்பிலிருந்து சைட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். மேடைக்கு வரச் சொன்னேன், மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐயப்பனிடம் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன்.

"சார், ஒண்ணுமே தெரியல. வெள்ளையா இருந்துச்சு. அதுக்குள்ள ஒரு அம்மா ரோட்டோரமா எங்களப் பாத்து ஓடி வர்றாங்க. கைல செவப்புத் துப்பட்டாவ வச்சு ஆட்டிக்கிட்டே வர்றாங்க. நான் பிரேக்க மிதிச்சேன். வண்டி நிறைய ஆளு சார், எல்லாம் தூக்கத்துல இருந்தானுக. நின்னுருச்சு. அந்தம்மா என்னைத் தாண்டி இன்னும் பின்னால ஓடுனாங்க. எனக்குப் பின்னால வந்த லாரி நிக்கல."

தனக்குப் பின்னால் இன்னும் யார் வருகிறார்கள் என்று பார்க்க ஓடியிருக்கிறார். இனி நான் என்ன சொல்ல? அது நாகவள்ளி. அவரைக் காருக்குள் உட்காரச் சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்கமாட்டார். இதை நான் பெருமையாகத்தான் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. பனி மேலா? அந்த லாரி ஓட்டுநர் மேலா? அவரும் கண் தெரியாமல்தான் வந்திருப்பார். இந்தக் கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல்தான் இப்படி நடந்துகொண்டே பேசுகிறேன்.

அன்பர்களே, சற்று முன் நம் தலைவர் அவர்கள் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். வரும் வெள்ளிக்கிழமை, நாகவள்ளி அவர்களின் நினைவாக, அந்த விமானம் பறந்து மேலிருந்து மலர் தூவும் என்று. நீங்கள் கைதட்டினீர்கள். தலைவர் பெரிய மனதோடு சொன்னார். நாகவள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை வேறில்லை என்று யாருக்கும் தோன்றும். நான் அவரை மறுத்துப் பேசுவதற்காக மேடைக்கு வரவில்லை. ஆனால் மறுக்காமல் இறங்கவும் முடியவில்லை.

ஐயா, அந்தக் குழாய் இன்னும் அறுக்கப்படவில்லை. அதற்கு நாள் வந்து, நாளும் தாண்டிவிட்டது. உள்ளே எப்படி இருக்கிறது என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. நாகவள்ளி இருந்திருந்தால் மட்டும் தெரிந்திருக்குமா? அவருக்கும் தெரிந்திருக்காது. அதனால்தான் போய்க்கொண்டிருந்தார். அவர் பார்க்கப் போன பொருளைப் பார்க்காமலே, அவர் பெயரைச் சொல்லி, பூவை ஏற்றிக்கொண்டு, நம் நண்பரை அதில் மேலே அனுப்பலாமா? நல்லாத்தானே இருக்கு என்று நான் அன்று சொன்னேனே, அதையே இன்று நாம் எல்லாரும் கைதட்டிச் சொல்லலாமா?

பாண்டித்துரை, உங்களைச் சபையில் கேட்கிறேன். நீங்கள் ஓட்டுவீர்களா?

தலையசைக்கிறார். இல்லை என்கிறார். தலைவர் அவர்களும் கையைக் காட்டுகிறார், சரி என்று. நன்றி ஐயா. உங்கள் மனதை நான் புண்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வெள்ளிக்கிழமை என்ன செய்வது? கண்ணீர் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதா? அதைச் செய்தால் எனக்கு இந்த இருப்புக்கொள்ளாமை போகாது. உங்களுக்கும் போகாது. நாங்கள் இப்படி முடிவு செய்திருக்கிறோம். அந்தக் குழாயையும் சைலன்சரையும் கழற்றி, சனாயாவில் என் கடைக்குக் கொண்டுவருகிறோம். ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு, எல்லார் கண்ணுக்கும் முன்னால் அறுக்கிறோம். உள்ளே நன்றாக இருந்தால், இன்னும் உடையவில்லை என்று எழுதுவோம். கெட்டுப்போயிருந்தால், எப்படிக் கெட்டது என்று படத்தோடு எழுதுவோம். இந்தப் புது வரைபடத்தை யார் யார் எடுத்தார்களோ, எந்த ஊராக இருந்தாலும், அவர்கள் ஒவ்வொருவரும் பதில் சொல்லும்வரை விடமாட்டோம். பதில் சொல்லாதவர் இருந்தால், விசா எடுத்துக்கொண்டு போவோம். ஹசன் அலி தானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். இது அந்தச் சகோதரிக்கு, இந்தச் சபையைச் சாட்சியாக வைத்து, நாங்கள் கொடுக்கும் வாக்கு. அடுத்த முறையும் அறுப்போம். அதற்கடுத்த முறையும் அறுப்போம். எங்களுக்குப் போதும் என்று தோன்றுகிற அன்று நிச்சயம் அறுப்போம்.

இன்னும் ஒன்று. அறுக்கும்போது குழாயின் மறுமுனையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். யாரை வைப்பது என்று நானும் பாண்டித்துரையும் இன்று மாலை பேசிக்கொண்டிருந்தோம். ஐயப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாகவள்ளி இறந்த நாளிலிருந்து அவர் எங்களிடம் எதுவும் பேசவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறவர். விமானத்தை ஒருநாளும் தொட்டுப் பார்க்காதவர். அவர் மெல்லச் சொன்னார்: "நான் பிடிச்சுக்கிறேன் பாய்."

வெள்ளிக்கிழமை வாருங்கள். குழந்தைகளைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். கண்ணாடி நான் தருகிறேன், எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும். பொறி பறக்கும்.